பாண்டியிலிருந்து பிரான்சுக்குப் பேச எந்த வழி? காசு போகும் பாதையை வைத்து ஒரு ஒப்பீடு

"அவன் கூப்பிட்டா அவனுக்குத் தனியா காசே பிடிக்கலையாம். நான் கூப்பிட்டா ரெண்டு நிமிஷத்துல ரீசார்ஜ் கரைஞ்சு போவுது. அதே போன், அதே பேச்சு. இதுல என்னப்பா கணக்கு?"

பாண்டி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அத்தை கேட்ட கேள்வி இது. மகன் பாரீஸ் பக்கத்தில் வேலையில் இருக்கிறான். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஊர் வழக்கில் சொல்தா. அதனால் அந்த வீட்டுக்கு மகனோடு மட்டும் பேசினால் போதாது, பென்ஷன் அலுவலகத்தோடும் பேச வேண்டும். அத்தையின் தம்பி குடும்பம் கடலூரில். அங்கிருந்து ஒரு பையன் துபாயில். பாண்டி, கடலூர் பக்கத்தில் இப்படிப்பட்ட வீடுகளுக்குப் பஞ்சமில்லை. எல்லாருக்கும் ஒரே குழப்பம்தான்: சிம்மிலிருந்து நேராக ஐ.எஸ்.டி. போடுவதா, வாட்ஸ்அப்பா, காசு போட்டு எண்ணுக்குக் கூப்பிடும் செயலியா, அவர்களையே கூப்பிடச் சொல்வதா, பிரான்சில் வாங்கிய சிம்மை இங்கே வைத்துக்கொள்வதா?

கொஞ்ச காலம் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தவன் என்பதால் என்னிடம் வந்து கேட்பார்கள். கடைக்காரர் எந்தப் பேக் மலிவு என்று சொல்லிவிடுவார், அது அடுத்த மாதம் மாறிவிடும். மாறாதது காசு போகும் பாதை. அது தெரிந்தால் எந்த வழி எதற்குச் சரி என்று நாமே சொல்லிவிடலாம்.

ஒரு அழைப்பு எப்படிப் போகிறது

அத்தை தன் மொபைலில் +33 போட்டு மகனின் எண்ணை அழுத்துகிறார். மொபைல் நிறுவனம் முதல் இலக்கங்களைப் பார்த்ததும் இது வெளிநாடு என்று புரிந்துகொள்கிறது. ஆனால் தானே அதை வெளியே அனுப்ப முடியாது. சர்வதேச அழைப்புக்குத் தனி உரிமம் வாங்கிய நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஒரு காலத்தில் அந்த வேலையைச் செய்ய நாடு முழுவதற்கும் அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். ஒன்றுதான். 2002 ஏப்ரல் 1 முதல் அந்த ஏகபோகம் போய்விட்டது. இப்போது பெரிய மொபைல் நிறுவனங்கள் தங்கள் குழுமத்திலேயே அந்த உரிமத்தையும் வைத்திருக்கின்றன. இருந்தாலும் கணக்கில் அது வேறு கை.

அந்தக் கையிடம் ஒரு பெரிய பட்டியல் இருக்கும். ஒவ்வொரு நாட்டுக்கும், அந்த நாட்டுக்குள் ஒவ்வொரு எண் வரிசைக்கும், எந்தக் கேரியர், அதாவது அழைப்பைச் சுமந்து செல்லும் நிறுவனம், என்ன விலைக்குக் கொண்டுபோவான், அவன் தரம் எப்படி என்று. பிரான்ஸ் என்று நாம் ஒரே நாடாகச் சொல்கிறோம். அந்தப் பட்டியலில் அது பல வரிகள். 33-க்குப் பிறகு 1 முதல் 5 வரை வந்தால் வீட்டு இணைப்பு. 6 அல்லது 7 வந்தால் மொபைல். 9 வந்தால் இணையப் பெட்டியோடு வரும் இணைப்பு. 8 வந்தால் சிறப்புச் சேவை எண், விலை கையைக் கடிக்கும். உங்கள் பேக்கில் 'பிரான்ஸ்' என்று எழுதியிருப்பது இதில் எந்த வரிசைக்கு என்று பார்க்காமல் வாங்கினால் கணக்கு இடிக்கும்.

விலை குறைந்த கேரியருக்கு அழைப்பு முதலில் போகும். அவனிடம் இடமில்லை அல்லது தரம் விழுந்துவிட்டது என்றால் அடுத்தவனுக்கு. பிரெஞ்சு நிறுவனத்தோடு நேரடி ஒப்பந்தம் இருந்தால் நேராகப் போகும். இல்லையென்றால் நடுவில் லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஒருவனிடம் கை மாறும். உடல் ரீதியாகப் பார்த்தால் கடலுக்கடியில் இருக்கும் கண்ணாடி இழைதான் பாதை. சென்னையிலும் மும்பையிலும் கரையேறும் சீ-மீ-வீ 4 கேபிள் மேற்கே மார்செய் வரை போகிறது. தூரத்துக்கும் விலைக்கும் பெரிய தொடர்பு இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். சாதாரணத் தொலைபேசிப் பேச்சு ஒரு பக்கத்துக்கு நொடிக்கு 64 கிலோபிட் எடுத்துக்கொள்கிறது. ஒரு ஜோடி இழையிலேயே டெராபிட் கணக்கில் போகும் இந்தக் காலத்தில், கடலைக் கடக்கும் செலவு பைசாவில் ஒரு துளி.

காசு எங்கே கூடுகிறது என்றால் கடைசிக் கட்டத்தில். மகனின் மொபைலை மணியடிக்க வைக்க அவனுடைய நிறுவனத்தால் மட்டுமே முடியும், வேறு யாராலும் முடியாது. அதற்கு அந்த நிறுவனம் வாங்கும் கட்டணத்துக்கு டெர்மினேஷன் கட்டணம் என்று பெயர். அழைப்பை எத்தனை பேர் கை மாற்றினாலும் இந்தத் தொகை கடைசியில் இருக்கும், முன்னால் இருப்பவர்கள் தங்கள் பங்கை அதன் மேல் ஏற்றிக்கொண்டே வருவார்கள். ஒரு பேச்சுக்கு, பிரெஞ்சு நிறுவனம் நிமிடத்துக்கு 5 ரூபாய் கேட்கிறது என்று வையுங்கள். நடுவில் இருப்பவன் ஐந்தே கால் கேட்பான். நம் சர்வதேச நிறுவனம் ஆறு போடும். மொபைல் நிறுவனம் உங்களிடம் பத்து என்று சொல்லும். மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. இந்தச் சங்கிலியில் ஒவ்வொருவரும் தனக்கு அடுத்தவரை மட்டுமே அறிவார், அவருக்கு மட்டுமே பணம் கட்டுவார். முத்தியால்பேட்டையிலிருந்து வந்த அழைப்பு என்று பாரீஸ்காரருக்குத் தெரிய வேண்டிய தேவை இல்லை. ஆனால் எந்த நாட்டு எண்ணிலிருந்து வருகிறது என்று பார்ப்பார். அதுதான் அத்தையின் கேள்விக்கு விடை, கொஞ்சம் பொறுங்கள்.

கணக்கு எப்போது ஓட ஆரம்பிக்கிறது? மணியடிக்கும்போது அல்ல, எதிர்முனையில் எடுத்தார்கள் என்ற சமிக்ஞை திரும்பி வரும்போது. அந்த ஒரு சமிக்ஞையைச் சங்கிலியில் உள்ள எல்லாரும் குறித்துக்கொள்கிறார்கள். யார், யாரை, எத்தனை மணிக்கு, எத்தனை நொடி என்று ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகப் பதிவு எழுதிவைக்கும். மாத முடிவில் இவர் பதிவையும் அவர் பதிவையும் எதிரெதிரே வைத்து ஒட்டிப் பார்ப்போம். சிறு வித்தியாசத்தை இரண்டு பக்கமும் விட்டுவிடும். பெரிதாக இருந்தால் நேர மண்டலக் குழப்பமா, விலை மாறிய தேதியை ஒருவர் கவனிக்கவில்லையா என்று தோண்ட வேண்டும். மாதக் கடைசி இரவு 11:50-க்கு ஆரம்பித்து மறுநாள் விடிய விடியப் பேசும் காதலர்கள் எங்கள் பிரிவுக்குப் பெரிய தலைவலி. அவர்கள் அழைப்பு எந்த மாதக் கணக்கு என்று இரண்டு நிறுவனமும் மாற்றி மாற்றிச் சொல்லும்.

இன்னொன்றும் உண்டு. கேரியர்கள் தங்களுக்குள் பெரும்பாலும் நொடிக் கணக்கில் கொடுக்கல் வாங்கல் செய்வார்கள். உங்களிடம் நிமிடக் கணக்கில் வாங்குவார்கள். 61 நொடி பேசினால் அது உங்களுக்கு இரண்டு நிமிடம்.

அவன் கூப்பிட்டால் ஏன் மலிவு

பழைய காலத்தில் கணக்கு வேறு மாதிரி. இரண்டு நாடும் ஒரு நிமிடத்துக்கு ஒரு தொகை பேசி வைத்துக்கொண்டு, பாதிப் பாதியாகப் பிரிக்கும். தங்க பிராங்க் என்ற கற்பனை நாணயத்தில் அந்தக் கணக்கு எழுதப்பட்டது. யார் நாட்டிலிருந்து அதிக நிமிடம் வெளியே போனதோ அவர் மிச்சத்தைக் கட்ட வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் கூப்பிடுவார்கள் என்பதால் நம்மைப் போன்ற நாடுகளுக்கு நல்ல வரும்படி. அமெரிக்காவுக்கு அது பொறுக்கவில்லை. 1997-ல் அதன் தொலைத்தொடர்பு ஆணையம், பணக்கார நாட்டுக்கு நிமிடத்துக்கு 15 சென்ட், நடுத்தர நாட்டுக்கு 19, ஏழை நாட்டுக்கு 23, அதற்கு மேல் எங்கள் நிறுவனங்கள் கொடுக்கக் கூடாது என்று கோடு போட்டது. அதற்குப் பிறகு அந்தப் பாதிக் கணக்கு மெல்ல மெல்லச் சந்தை விலையிடம் தோற்றுப்போனது.

இப்போதைய நிலவரத்துக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பை இந்திய எண்ணில் இறக்க எவ்வளவு வாங்கலாம் என்று நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொல்லிவைத்திருக்கிறது. 2015-ல் நிமிடத்துக்கு 53 பைசா. 2018 பிப்ரவரியில் 30 பைசாவாகக் குறைத்தார்கள். 2020 மே 1 முதல் 35 பைசாவிலிருந்து 65 பைசாவுக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று ஆனது. அதாவது உலகத்தில் எந்த மூலையிலிருந்து கூப்பிட்டாலும் அத்தையின் போனில் இறங்க ஒரு ரூபாய்கூட ஆகாது. பிரான்சில் இருக்கும் நிறுவனங்களுக்கு இந்திய நிமிடம் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது. மாதப் பேக்கில் இலவசமாகச் சேர்த்துவிட்டாலும் அவர்களுக்கு நட்டமில்லை. புலம்பெயர்ந்தவர்களை நம்பியே லைக்கா, லெபாரா போன்ற நிறுவனங்கள் ஐரோப்பாவில் கடை விரித்தது இந்தக் கணக்கில்தான்.

நாம் அங்கே கூப்பிட்டால்? ஐரோப்பிய ஒன்றியமும் தன் மொபைல்களுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2024 முதல் நிமிடத்துக்கு 0.2 யூரோ சென்ட், நம் காசுக்குச் சுமார் 20 பைசா. கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்த வரம்பு ஐரோப்பிய எண்ணிலிருந்து கிளம்பும் அழைப்புக்கு. வெளி எண்ணிலிருந்து வந்தால், பொதுவாக அந்த வெளிநாடும் தன் பக்கம் அதே அளவோ அதைவிடக் குறைவாகவோ வாங்கினால்தான் பொருந்தும். நம் 35 பைசாவே அவர்களின் 20 பைசாவைத் தாண்டிவிட்டது. ஆகவே +91 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்ததும் பிரெஞ்சு நிறுவனம் தன் விருப்பப்படி விலை வைக்கலாம். வைக்கவும் செய்கிறது. நம் வாசலில் நாம் சில பைசா கூடுதலாகக் கேட்டதற்கு அவர்கள் வாசலில் நாம் ரூபாய்க் கணக்கில் கொடுக்கிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது. இதில் யார் செய்தது சரி என்று வாதாடலாம். நான் அத்தைக்குச் சொன்னது ஒன்றுதான்: "அத்தை, நீங்க மிஸ்டு கால் கொடுங்க. அவன் திருப்பிக் கூப்பிடட்டும்."

மகன் பக்கம் ஒரு நிபந்தனை உண்டு. அவனுடைய பேக்கில் இந்தியா சேர்ந்திருக்க வேண்டும், வீட்டு இணைப்புக்கு மட்டுமா மொபைலுக்குமா என்று பார்க்க வேண்டும். சேராமல் கூப்பிட்டால் பெரிய பிரெஞ்சு நிறுவனங்களின் தனி விலை நம்முடையதைவிடப் பயங்கரமாக இருக்கும்.

இங்கேயே ஒரு கிளைக்கதை. உள்நாட்டில் ஒரு மொபைலிலிருந்து இன்னொன்றுக்கு இறக்கும் கட்டணம் 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யம். வெளிநாட்டு அழைப்புக்கு 35 முதல் 65 பைசா. இந்த இடைவெளியில்தான் சிம் பாக்ஸ் கூட்டம் பிழைக்கிறது. வெளிநாட்டு அழைப்பை இணையம் வழியாகத் திருட்டுத்தனமாக உள்ளே கொண்டுவந்து, ஒரு பெட்டியில் வரிசையாகச் செருகிய நம் ஊர் சிம்கள் வழியாக உள்நாட்டு அழைப்பு போல இறக்கிவிடுவார்கள். துபாய்ப் பையன் கூப்பிடும்போது திரையில் முன்பின் தெரியாத ஏதோ இந்திய எண் வருகிறதா? இதுதான் காரணம். அவன் மீது தப்பில்லை, அவன் வாங்கிய மலிவு கார்டு அந்த வழியில் அனுப்புகிறது. அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் இதைப் புகார் செய்யத் தனிப் பகுதியே இருக்கிறது. இந்திய எண் போல வேடமிட்டு வெளியிலிருந்து நுழையும் அழைப்புகளை வாசலிலேயே மறிக்க 2024 அக்டோபரில் அரசு ஒரு அமைப்பைத் தொடங்கியபோது, முதல் 24 மணி நேரத்திலேயே சுமார் 1.35 கோடி அழைப்புகள் சிக்கின. இரண்டும் வேறு வேறு வித்தை, ஆனால் இரண்டிலும் திரையில் தெரியும் எண் பொய்.

வாட்ஸ்அப்: எல்லாம் சரி, ஆனால்

வாட்ஸ்அப் அழைப்பில் டெர்மினேஷன் என்ற பேச்சே இல்லை. மகன் தன் இணையத்துக்குக் காசு கொடுத்துவிட்டான், அத்தை தன் இணையத்துக்குக் கொடுத்துவிட்டார், நடுவில் யாரும் நிமிடம் எண்ணுவதில்லை. குரல் மட்டும் பேசினால் நிமிடத்துக்கு ஒரு எம்.பி.கூட ஆகாது. தினம் ஒன்றரை ஜி.பி. வரும் பேக்கில் அது கண்ணுக்கே தெரியாது. சாதாரண ஐ.எஸ்.டி.யைவிடக் குரலும் தெளிவு, ஏனென்றால் நடுவில் மூன்று கேரியர் கை மாறி அமுக்கி அமுக்கி அனுப்புவதில்லை. குடும்பப் பேச்சுக்கு இதை வெல்ல எதுவும் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. காசு கொடுத்து ஐ.எஸ்.டி.யில் மகனோடு பேசுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் மூன்று இடத்தில் அது கைவிடும். இரண்டு பக்கமும் நல்ல இணையம் வேண்டும் என்பது முதல் இடம். 2011-ல் தானே புயல் பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையேறியதும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் கொட்டித் தீர்த்ததும் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மின்சாரம் போய் வீட்டு வைஃபை அணைந்து, செல்போன் கோபுரங்கள் பாதி படுத்த நேரத்தில் இணையம் முதலில் நொண்டும். சாதாரண அழைப்பு சில சமயம் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு மகனுக்கு 'பத்திரமாக இருக்கிறோம்' என்று சொல்ல ஐ.எஸ்.டி. வேண்டும். அதற்கு முதலில் உங்கள் சிம்மில் ஐ.எஸ்.டி. திறந்திருக்க வேண்டும். பல பிரீபெய்டு சிம்களில் கேட்டால்தான் திறப்பார்கள். புயலன்று வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வது நடக்கிற காரியமில்லை.

கடலுக்கடியில் கேபிள் அறுந்தால் மட்டும் இரண்டும் சேர்ந்து தடுமாறும், ஏனென்றால் வாட்ஸ்அப்புக்கும் ஐ.எஸ்.டி.க்கும் பாதை ஒன்றுதான். 2008 ஜனவரியில் அலெக்சாண்ட்ரியா பக்கம் அறுந்தபோதும், 2025 செப்டம்பரில் செங்கடலில் அறுந்தபோதும் அதுதான் நடந்தது.

இரண்டாவது இடம் துபாய். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், கூப்பிட முடியாது. உரிமம் பெற்ற போட்டிம் போன்ற செயலிகள்தான் வழி. அதற்கு அங்கிருப்பவர் பேக் போட வேண்டியிருக்கலாம், இங்கிருப்பவரும் அதே செயலியை இறக்கிக்கொள்ள வேண்டும். கடலூர்க் குடும்பத்துக்கு நான் சொல்வது இதுதான். சிங்கப்பூருக்கு இந்தத் தொல்லை இல்லை, வாட்ஸ்அப்பே போதும்.

மூன்றாவது இடத்துக்குத் தனியாகவே இடம் கொடுக்க வேண்டும்.

பென்ஷன் அலுவலகத்துக்கு யார் வாட்ஸ்அப் செய்வது?

சொல்தா வீடுகளுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் வீடுகளுக்கும் உண்மையான தலைவலி மகன் அல்ல, அலுவலகம். பென்ஷன் நின்றுபோனால், வாழ்நாள் சான்றிதழ் போய்ச் சேரவில்லை என்றால், வங்கி அட்டை அடைபட்டால், அங்கே யாரையாவது போனில் பிடித்தாக வேண்டும். காகிதத்தில் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் 39-ல் தொடங்கும் நான்கு இலக்கம், இல்லையென்றால் 08 எண். நான்கு இலக்க எண் பிரான்சுக்குள் மட்டும் வேலை செய்யும். இங்கிருந்து 33 சேர்த்து அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அதே காகிதத்திலோ இணையதளத்திலோ வெளிநாட்டிலிருந்து கூப்பிட வேறு ஒரு எண் இருக்கும், பெரும்பாலும் 9-ல் தொடங்குவது. அதைத் தேடி எடுத்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள், 08-ஐத் தொடாதீர்கள். 33-க்குப் பிறகு வரும் முன் பூஜ்யத்தை விட்டுவிட வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன், தினமும் யாராவது அதில் மாட்டுகிறார்கள்.

எண்ணைப் பிடித்த பிறகுதான் வேடிக்கை. இசை ஓடும், 'தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று பிரெஞ்சில் ஒரு பெண் சொல்வாள். பேச ஆள் வராவிட்டாலும் இயந்திரம் அழைப்பை எடுத்துவிட்டது. எடுத்த சமிக்ஞை திரும்பி வந்துவிட்டது. சங்கிலியில் உள்ள எல்லாரும் கடிகாரத்தைத் தட்டிவிட்டார்கள். 25 நிமிடம் இசை கேட்டால் 25 நிமிடத்துக்கும் காசு. நிமிடத்துக்குப் பத்து ரூபாய் என்ற நம் பேச்சுக் கணக்கில் 250 ரூபாய், வரி தனி, வேலையும் முடிந்திருக்காது. நேரா ஐ.எஸ்.டி. போடுவது தோற்கும் இடம் இது.

இங்கே எண்ணுக்குக் கூப்பிடும் செயலிகள் கைகொடுக்கும். ஸ்கைப் அந்த வேலையைப் பல வருடம் செய்தது, 2025 மே மாதம் மூடிவிட்டார்கள். வைபர் அவுட் மாதிரி இன்னும் சில இருக்கின்றன. இவை என்ன செய்கின்றன என்றால், உங்கள் குரலை இணையம் வழியாகத் தங்கள் சர்வருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மொத்த விலைக்கு வாங்கிய நிமிடத்தில் பிரெஞ்சு எண்ணில் இறக்குகின்றன. நம் மொபைல் நிறுவனத்தின் பங்கும் சர்வதேச நிறுவனத்தின் பங்கும் கழிந்துவிடும். 9-ல் தொடங்கும் எண்ணும் வீட்டு இணைப்பும் ரொம்ப மலிவு. மொபைல் அவ்வளவு மலிவில்லை, ஏனென்று மேலே பார்த்தோம்.

இதில் இரண்டு இடக்கு. முதலாவது, எதிர்முனையில் எந்த எண் தெரிகிறது என்பது. சில செயலிகள் உங்கள் +91 எண்ணைக் காட்டும், சில ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். பிரான்சில் 2024 அக்டோபர் முதல் அழைக்கும் எண் உண்மையானதா என்று சான்று பார்க்கும் சட்டம் கடுமையாகிவிட்டது. சான்றில்லாமல் பிரெஞ்சு எண் போல வேடமிட்டு வரும் அழைப்பை நிறுவனங்கள் துண்டித்துவிடும். ஆகவே செயலியில் உங்கள் சொந்த எண்ணைப் பதிவு செய்து அதையே காட்டச் சொல்லுங்கள். அலுவலகம் திருப்பிக் கூப்பிடவும் அது தேவை.

இரண்டாவது, மலிவு வழிகளில் நடக்கும் ஒரு திருட்டு. யாரும் எடுக்காமலே 'எடுத்தாயிற்று' என்று நடுவில் இருக்கும் கேரியர் பொய்ச் சமிக்ஞை அனுப்புவான். உங்களுக்கு மணிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். கண்டுபிடிப்பது எளிது. புதுச் செயலியில் காசு போட்ட அன்றே மகனைக் கூப்பிட்டு, எடுக்காதே என்று முன்கூட்டியே சொல்லிவைத்து, 40 நொடி மணியடிக்க விடுங்கள். பிறகு இருப்பைப் பாருங்கள். ஒரு சென்ட் குறைந்திருந்தால் அந்தச் செயலியை அழித்துவிடலாம்.

பிரெஞ்சு அலுவலகம் காலை 9 மணிக்குத் திறக்கும் என்றால் நமக்குக் கோடையில் பகல் 12:30, குளிர்காலத்தில் 1:30. திறந்த உடனே கூப்பிட்டால் இசை கொஞ்சம் குறைவு.

பிரெஞ்சு சிம்மை இங்கே வைத்திருப்பது

போய் வந்துகொண்டிருக்கும் வீடுகளில் ஒரு பிரெஞ்சு சிம் இருக்கும். வங்கியின் ஓ.டி.பி. அதற்குத்தான் வரும் என்பதால் தூக்கிப் போட முடியாது. அதிலேயே பேசிவிட்டால் என்ன என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டாம், சொல்கிறேன் காரணம்.

பாரீசிலிருந்து வந்த மருமகள் அந்த சிம்மோடு பாண்டி கடற்கரைச் சாலையில் உட்கார்ந்திருக்கிறாள். மாமியார் முத்தியால்பேட்டையிலிருந்து தன் இந்திய மொபைலில் அவளைக் கூப்பிடுகிறார். இருவருக்கும் நடுவில் சில கிலோமீட்டர்தான். ஆனால் எண் +33. ஆகவே அழைப்பு சென்னை போய், கடல் கடந்து, பிரான்சில் அவளுடைய நிறுவனத்தை எட்டுகிறது. அந்த நிறுவனம் பதிவேட்டைப் பார்க்கிறது: ஆள் இந்தியாவில், இன்ன வலையமைப்பில். உடனே அழைப்பைத் திரும்ப இந்தியாவுக்கு அனுப்புகிறது. இரண்டு முறை கடலைத் தாண்டிய பிறகு கடற்கரைச் சாலையில் மணியடிக்கிறது. மாமியாருக்கு ஐ.எஸ்.டி. கட்டணம். திரும்பி வந்த பாதிக்கு மருமகள் தலையில் ரோமிங் கட்டணம், எடுத்ததற்கே. அவள் எடுக்காமல் விட்டு, குரல் பெட்டிக்கு (வாய்ஸ்மெயில்) போகும்படி வைத்திருந்தால் சில சமயம் மூன்றாவது தடவையும் கடலைத் தாண்டும். ஐரோப்பாவுக்குள் ரோமிங் இலவசம் என்ற 2017 சட்டம் இந்தியாவில் செல்லாது.

அவள் இங்கிருந்து அந்த சிம்மில் கூப்பிட்டாலும் கதை அதேதான். இங்கே அவள் பிடித்த இந்திய நிறுவனம் நிமிடத்தைக் குறித்து, டேப் என்ற கோப்பு வடிவில் பிரெஞ்சு நிறுவனத்துக்கு அனுப்பும். இரண்டு நிறுவனமும் முன்பே பேசிவைத்த விலையில் தீர்த்துக்கொள்ளும். அந்த விலைக்கு டிராயும் இல்லை, ஐரோப்பிய வரம்பும் இல்லை.

ஆகவே அந்த சிம்முக்கு ஒரே வேலை: குறுஞ்செய்தி. ரோமிங்கில் குறுஞ்செய்தி வாங்கப் பெரும்பாலும் காசில்லை. டேட்டா ரோமிங்கை அணைத்து, குரல் பெட்டியை ரத்து செய்து, ஓ.டி.பி.க்காக மட்டும் இரண்டாவது சிம் இடத்தில் போட்டு வைக்கலாம். சிம் அழைப்பையே வைஃபை வழியாக அனுப்பும் வைஃபை அழைப்பு வசதி இருந்தால் மட்டும் விஷயம் வேறு. சில நிறுவனங்கள் பாண்டி வைஃபையில் இருந்தாலும் பிரான்சிலேயே இருப்பதாகக் கணக்கு வைக்கின்றன, சில ரோமிங்காகவே பிடிக்கின்றன. முன்னது என்றால் அந்த நான்கு இலக்க எண்கள்கூட வேலை செய்ய வாய்ப்பு உண்டு, ஜாக்பாட்தான். நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்காமல் இறங்க வேண்டாம்.

தெரியாத வெளிநாட்டு எண்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு எச்சரிக்கை பாக்கி. ஐ.எஸ்.டி. திறந்துவைத்த போனில் +216, +371, +375 என்று ஏதாவது எண்ணிலிருந்து ஒரே ஒரு மணி வந்து நின்றுவிடும். மகன் புது எண்ணிலிருந்து கூப்பிட்டானோ என்று திருப்பிக் கூப்பிடக் கை பரபரக்கும். அந்த எண் வரிசைகளில் டெர்மினேஷன் கட்டணம் மிக அதிகம், அதில் ஒரு பங்கு எண்ணை வைத்திருக்கும் மோசடிக்காரனுக்குப் போகும். நீங்கள் எத்தனை நொடி இசை கேட்கிறீர்களோ அத்தனை லாபம் அவனுக்கு. பிரான்ஸ் 33, சிங்கப்பூர் 65, அமீரகம் 971. உங்கள் வீட்டுக்குத் தேவையானது எதுவோ அதைப் போனுக்குப் பின்னால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். வேறு எண்ணாக இருந்தால், மகனிடம் வாட்ஸ்அப்பில் 'நீயா கூப்பிட்டாய்' என்று கேட்டுவிட்டு அப்புறம் பார்க்கலாம்.